மூன்றாம் மாடிச் சூடு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுத உட்காரவில்லை. அந்த வேலையை எங்கள் வாசலில் மற்றவர்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். போன நவம்பரில், இறந்தவர்களுக்கு விளக்கு வைக்கும் நாளில், மூன்றாம் மாடித் தெக்லாவின் கல்லறையில் இருந்ததிலேயே பெரிய விளக்கு நான்காம் மாடி லுட்சியான் வைத்ததுதான். சிவப்புக் கண்ணாடி, பித்தளை மூடி, மூன்று நாள் அணையாமல் எரியும் என்று கடைக்காரி சொன்னாளாம். மூன்று நாள் என்று யாராவது சொன்னாலே நான் எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சுவாவுக்கியில் குளிரைப் பற்றிப் புலம்புகிறவனை வெளியூர்க்காரன் என்றுதான் நினைப்போம். போலந்திலேயே குளிர் அதிகமான ஊர் என்பதில் எங்களுக்கு ஒரு வெட்டிப் பெருமை. எங்கள் அடுக்குமாடி பழைய கான்கிரீட் பலகைக் கட்டடம். வரிசையாகப் பல வாசல்கள், வாசலுக்கு ஒரு படிக்கட்டு. எங்கள் ஏழாம் வாசலில் ஐந்து தளம், தளத்துக்கு இரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. ஏழு வருடத்துக்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பணம் வந்து, வெளிச்சுவர் முழுக்க ஒரு சாண் கனத்துக்கு நுரைப்பலகை ஒட்டி, ஜன்னல்களை மாற்றி, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். ரேடியேட்டரிலிருந்து எவ்வளவு சூடு இழுத்தோம் என்று அந்தப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். அதற்கும் கீழே ஒரு பனிப்பூப் படம். அதில் வைத்தால் ரேடியேட்டர் செத்த மாதிரிதான்.

வாசலுக்கு வாசல் ஒரு சுவரொட்டியும் ஒட்டினார்கள். 'சேமிப்பே முதல்' என்று பெரிய எழுத்து. புதிதாகச் சூடு உண்டாக்குவதற்கு முன்னால் இருக்கிற சூட்டை வீணாக்காதே, நிலக்கரிப் புகையிலிருந்து விடுபட அதுதான் மலிவான வழி என்று கீழே பத்து அறிவுரைகள். நல்ல விஷயம்தான். இன்றைக்கும் அதில் ஒரு வரி தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் புரிந்தது. நுரைப்பலகை வெளியே போகும் சூட்டைத்தான் தடுக்கிறது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் கான்கிரீட். பக்கத்து வீட்டுக்காரன் சூடாக வைத்திருந்தால் நாம் வைக்கத் தேவையில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. முதல் குளிர்காலத்திலேயே எல்லார் வீட்டுக் குமிழும் பனிப்பூவுக்கு வந்துவிட்டது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ராஸ்பெரி சாறு விட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, யார் முதலில் தாங்க முடியாமல் குமிழைத் திருப்புவார்கள் என்று காத்திருந்தோம்.

மூன்றாம் மாடியில் ஸெனோன் திருப்பினார்.

அவர் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தெக்லாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நெஞ்சும் பலவீனம். அறை இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஸெனோன் வீட்டில் நான்கு ரேடியேட்டரும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஐந்தில் நிற்கும். அவருக்கு நேர் கீழே நான். நேர் மேலே லுட்சியான், ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர். ஸெனோன் தளத்திலேயே எதிர்வீடு க்ராஜினா, முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள், அவள் படுக்கையறையும் ஸெனோன் படுக்கையறையும் ஒரே சுவர். எங்கள் மூன்று வீட்டிலும் வெள்ளைப் பெட்டி வருடா வருடம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. செலவாகாத சூட்டுக்கு வசந்தத்தில் வீட்டுவசதிச் சங்கம் திருப்பிக் கொடுக்கும் பணத்தில் க்ராஜினா இரண்டு முறை குரோஷியாவுக்குக் கடல் குளிக்கப் போய்வந்தாள்.

எங்களைச் சூடாக்குவது ஸெனோன்தான் என்று எனக்கு எப்போது உறுதியாகத் தெரிந்தது என்று கேட்டால், இரண்டாம் வருடம் நவம்பரில். தெக்லாவை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஸெனோன் அங்கேயே நாற்காலியில் கிடந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் நாளே என் வீட்டுக் கூரையிலிருந்து குளிர் இறங்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் குமிழைத் திருப்பினேன். அவர்கள் வீடு திரும்பிய மறுநாள் மறுபடி பனிப்பூவுக்கு மாற்றினேன். நான் வேலை செய்வது வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில், சூட்டுக் கணக்குப் பிரிவில். ஏழாம் வாசலில் யார் யாருடைய சூட்டில் வாழ்கிறார்கள் என்று என் கணினித் திரையில் பச்சையாகத் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சு விடாதது மட்டும் இல்லை. வீடு வாரியாக எண்களை அச்சடித்து வாசல் பலகையில் குத்தியதும் நான்தான். சங்கத்தில் அப்படிச் செய்யக் கூடாது. யாராவது கேட்டால் ஊக்கப்படுத்த என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. எல்லா வீட்டுக்கும் பூஜ்யமோ இருபதோ நாற்பதோ. ஸெனோன் வீட்டுக்கு மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மறுநாள் காலையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் க்ராஜினா பேனாவால் ஒரு தென்னை மரம் வரைந்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பெயர் ஹவாய்.

"என்ன பான் ஸெனோன், ஹவாய்ல இன்னைக்கு எத்தன டிகிரி?" என்று லுட்சியான் படியில் நின்று கேட்பார். ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி என்பது எங்கள் ஊர் மரியாதை.

"இருபத்தி நாலு," என்பார் ஸெனோன். கேலி என்று தெரிந்தும் உண்மையான பதில் சொல்கிற மனிதர் அவர்.

"மகாராணி பிகினி போட்டுக்கிட்டு இருக்காங்களா?"

"கம்பளிச் சால்வைதான். கை விறைச்சுப் போகுது அவளுக்கு."

எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். உலகம் எரிந்து போவதற்கு அந்த வீடுதான் காரணம் என்று கீழ்த்தளத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கட்டுரையே எழுதிப் பரிசு வாங்கியது.

போன வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் வாசல்களுக்கு நடுவே ஒரு போட்டி என்று சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஜனவரி முழுக்க ஒரு மாதம் அளப்பார்கள். எந்த வாசல் முந்தைய ஜனவரியைவிட மூன்றில் ஒரு பங்காவது குறைத்து முதலிடம் வாங்குகிறதோ, அதற்கு வெளிச்சுவரை ஒட்டி ஒரு லிஃப்ட் கட்டித் தருவார்கள். ஐந்து தளம் ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவர்களுக்கு லிஃப்ட் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கூட்டம் போட்டோம். ஸெனோன் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து அதன் நிலையில் நின்றார், உள்ளே தெக்லா படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பூஜ்யம். இதுக்கு மேல எங்களால எங்க கொறைக்க முடியும்?" என்றார் லுட்சியான். "கொறைக்கறதுக்கு இருக்கறது ஒரே வீடு."

"அவளால முடியாதுங்க," என்றார் ஸெனோன்.

"ஒரே மாசம், பான் ஸெனோன்," என்றாள் க்ராஜினா. "அப்புறம் லிஃப்ட். கடைசியா எப்போ கீழ எறங்கினாங்க பானி தெக்லா?"

"நாலு வருஷம் ஆச்சு."

"பாத்தீங்களா. கோடைல வீல் சேர்ல வெச்சு ஏரிக்கரைக்கே கூட்டிட்டுப் போகலாம். ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, நாங்க எல்லாரும் படியிலயே செத்துப் போறோம்."

ஸெனோன் என்னைப் பார்த்தார். அலுவலகத்துக்காரி ஏதாவது விவரமாகச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். நான் பூட்டுச்சாவியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"எலக்ட்ரிக் ஹீட்டர் ஒண்ணு வெச்சுக்கலாமா, அவ ரூம்ல மட்டும்?" என்று அவரே கேட்டார். "அது இந்தப் பெட்டில ஏறாதே."

"ஏறாது. ஆனா அது ஏமாத்து வேலையில்லையா?" என்றார் லுட்சியான். "நேர்மையா ஜெயிக்கணும்."

எல்லாரும் தலையை ஆட்டினோம். அப்போது உள்ளேயிருந்து தெக்லாவின் குரல் வந்தது. பாதி வாய்தான் அசையும், அதனால் சொற்கள் குழைந்து வரும்.

"சரின்னு சொல்லு, ஸெனோன். எனக்கு ஏரி பாக்கணும்."

ஜனவரி இரண்டாம் தேதி வெளியே மைனஸ் பதினெட்டு. ஸெனோன் தன் வீட்டு நான்கு குமிழையும் ஒன்றுக்குக் கொண்டுவந்தார். மூன்று நாளில் என் வீட்டுக் கூரை குளிர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி, பைக்குள் போட்டு, மேலே முட்டைக்கோஸ் வைத்து மறைத்துக் கொண்டுவந்தேன். கடையில் அதே மாடல் நிறைய விற்றுவிட்டதாகப் பையன் சொன்னான். இரவு சாப்பாட்டு நேரத்தில் காது கொடுத்தால் லுட்சியான் வீட்டு ஹீட்டரின் உறுமல் குழாய் வழியாகவே கேட்கும். க்ராஜினா இரண்டு வைத்திருந்தாள். பத்து வீட்டில் ஒன்பது வீடு உறுமிக்கொண்டிருந்தது. அந்த மின்சாரமும் நிலக்கரியில்தான் வருகிறது என்பதை யாரும் பேசவில்லை. ஸெனோன் மட்டும் நேர்மையாக விளையாடினார்.

அந்த மாதத்தில்தான் பாதிரியார் வீடு வீடாக வந்து ஆசீர்வதிப்பார். மற்ற வருடங்களில் அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் குமிழைத் திருப்பி வைப்போம், அவர் போனதும் அணைப்போம். அந்த வருடம் வாசலுக்கே சூட்டு விரதம் என்று முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டோம். அவர் மேலங்கியைக் கழற்றாமல் பத்து வீட்டையும் முடித்தார். என் வீட்டில் மேஜைக்கடியில் ஹீட்டரை ஒரு துணி போட்டு மூடியிருந்தேன்.

"ஸெனோன் வீட்டுல புனித நீர் தெளிச்சேன்," என்றார் பாதிரியார், உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே. "அந்தம்மா மேல பட்டதும் ஒடம்பே தூக்கிப் போட்டுச்சு. சூடு கொஞ்சம் வெச்சா என்னப்பான்னேன். வாக்கு குடுத்திருக்கேன்ங்கறாரு. நல்ல மனுஷன்."

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றேன். அவருக்கு ஒரு உறையில் காணிக்கை கொடுத்து அனுப்பினேன்.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஸெனோன் என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார், சொந்த வாசலுக்குள்ளேயே மனுக் கொடுக்க வந்தவர் மாதிரி.

"பானி மர்ஸேனா, அவளுக்கு இருமல் நிக்கல. நெஞ்சுல கரகரன்னு சத்தம் வருது. டாக்டர் வந்து மாத்திர குடுத்தாரு. கதகதன்னு வெச்சுக்கச் சொல்றாரு." தொப்பியை மறு கைக்கு மாற்றினார். "படுக்கையறைல மட்டும் நாலுல வெச்சுக்கட்டுமா? நீங்க கணக்குப் பாக்கறவங்க, அதான் கேட்டுட்டு வைக்கலாம்னு."

அவர் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அவர் வீடு, அவர் குமிழ். கேட்டது அவர் செய்த தப்பு. ஆனால் நான் செய்தது தப்பு இல்லை, அதைவிட மோசம். அன்று மதியம்தான் அலுவலகத்தில் எண்களைப் பார்த்திருந்தேன். அவர் மிச்சமிருந்த நாள் முழுக்க ஐந்திலேயே வைத்திருந்தால்கூட நாங்கள் ஜெயித்திருப்போம். அவ்வளவு இடம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் இடைவெளி இருப்பது நல்லது, கடைசி நேரத்தில் எந்த வாசல் எப்படி முந்துமோ என்று ஒரு நினைப்பு.

"இன்னைக்கு இருபத்தெட்டு," என்றேன். "முப்பத்தொண்ணோட முடியுது. மூணே நாள்தான், பான் ஸெனோன். இத்தன நாள் தாங்கிட்டீங்க. இருங்க, நான் ஒரு கம்பளி தர்றேன்."

என் மகள் எலீஸா சின்ன வயதில் போர்த்திக்கொண்ட பச்சைக் கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, படியேறிப் போனார்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் தெக்லாவை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். இந்தக் காலத்தில் ஒரு லிஃப்ட் இல்லையா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் திட்டினார்கள். நாங்கள் கதவைத் திறந்துகொண்டு நின்றோம். அவள் முகம் மாவு நிறத்தில் இருந்தது, மேலே என் பச்சைக் கம்பளி. நான்கு வருடத்துக்குப் பிறகு தெக்லா கீழே இறங்கினாள். பிப்ரவரி நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். முடிவு அறிவிப்பு பதினோராம் தேதி வந்தது. முப்பத்தொன்பது சதவீதம் குறைத்து ஏழாம் வாசல் முதலிடம்.

சாவு விருந்துக்கு எல்லாரும் போனோம். உருளைக்கிழங்கு மாவுக்குள் இறைச்சி வைத்த பெரிய உருண்டைகள், ஒவ்வொன்றும் முஷ்டி அளவு. விருந்து மண்டபம் நன்றாகச் சூடாக இருந்ததால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்டில் லிஃப்ட் தயாரானது. திறப்பு விழாவுக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து கலீனா என்ற பொறியாளர் வந்தாள், நம் போலந்துப் பெண்தான், அங்கே ஆற்றல் திட்டங்களைப் பார்க்கிறவள். மடிப்பு மேஜை போட்டு, காப்பி வைத்து, மரத்தண்டு மாதிரி அடுக்கு அடுக்காகச் சுட்ட கேக்கை வெட்டி வைத்திருந்தோம். ரிப்பனை வெட்ட ஸெனோனைக் கூப்பிட்டது க்ராஜினாவின் யோசனை. பாவம் அவருக்கும் ஒரு மரியாதை என்றாள்.

கலீனா வெப்பக் கேமராவில் எடுத்த இரண்டு படங்களைப் பலகையில் மாட்டினாள். முதல் படம் போட்டிக்கு முந்தைய ஜனவரி. கட்டடம் முழுக்க நீலம், நடுவில் ஒரு சதுரம் மட்டும் கொழுந்துவிட்ட சிவப்பு, அதைச் சுற்றி ஆரஞ்சு. இரண்டாம் படம் போட்டி மாதம். ஓரிடம் விடாமல் நீலம். ஹீட்டரெல்லாம் அணைந்திருந்த பகல் நேரத்தில் எடுத்திருக்க வேண்டும்.

"இந்த சிவப்பு யார் வீடு?" என்று கேட்டாள்.

க்ராஜினா கேக் கரண்டியால் ஸெனோனைக் காட்டினாள். "நம்ம ஹவாய்," என்று யாரோ பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

கலீனா சிரிக்கவில்லை. "மேல, கீழ, பக்கத்துல இருக்கற வீடெல்லாம் பூஜ்யம் காட்டியிருக்கு. ஆனா அந்த வீடுங்களோட சுவரெல்லாம் சூடா இருக்கு, பாருங்க. இவங்க வீணாக்கல. இவங்க மூணு வீட்டையும் சேத்து சூடாக்கியிருக்காங்க. இவங்கதான் உங்களுக்கு ரேடியேட்டர்." தப்பாக எதுவும் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தெரியவில்லை. இதற்காகத்தான் கணக்கைத் தனித்தனி வீடாகப் பார்க்காமல் கட்டடமாகப் பார்க்க வேண்டும் என்று தாங்கள் அங்கே வாதாடுவதாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஸெனோன் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி கேட்டார். "அப்போ நான் மட்டும் அணைச்சா மொத்தம் கொறையுமா?"

"அவ்வளவு கொறையாதுங்க. மத்தவங்க போட்டுத்தானே ஆகணும். எல்லாருமே குளிர்ல உக்காந்தாத்தான் இப்படி நீலமா வரும்."

"எல்லாரும் உக்காந்தோம்," என்று சொல்லிவிட்டு ஸெனோன் லுட்சியானைப் பார்த்தார். லுட்சியான் தட்டில் கேக்கைத் தேடினார். பிறகு ஸெனோன் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க, பானி மர்ஸேனா. உங்களுக்குத் தெரியுமா இது?"

"எனக்கு எண்ணு மட்டுந்தான் வரும். சுவரு தெரியாது," என்றேன்.

அவர் ரிப்பனை வெட்டினார். எல்லாரோடும் ஒரு முறை மேலே போனார். அதன் பிறகு இன்றுவரை அவர் லிஃப்டில் ஏறியதில்லை.

அக்டோபரில் சூட்டுப் பருவம் தொடங்கி ரேடியேட்டர்க் குழாய்களில் வெந்நீர் வந்த அன்று ஸெனோன் தன் வீட்டு நான்கு குமிழையும் பனிப்பூவில் வைத்தார். பிறகு எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தார். ஆட்டுத்தோல் கோட்டும் காது மூடும் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். குழாய் உறைகிற அளவுக்குக் குளிர் ஏறினால் மட்டும் மூடுவார், முப்பது வருடம் பால் உறையாமல் லாரி ஓட்டியவருக்கு அந்த அளவு கையில் இருந்தது. என் கூரையில் ஈரம் பூத்தது. லுட்சியான் தரையில் கால் வைக்க முடியாமல் வீட்டுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். க்ராஜினாவின் படுக்கையறைச் சுவர் கருத்தது.

"கெழவன் வேணும்னே பண்றான்," என்றாள் க்ராஜினா. "சட்டம் ஒண்ணும் இல்லையா உங்க ஆபீஸ்ல?"

சங்கத்தின் பெயரில் எச்சரிக்கைக் கடிதம் தட்டியது நான்தான். அவருடைய பதில் முத்து முத்தான கையெழுத்தில் வந்தது. 'உங்கள் சுவரொட்டியின் ஏழாவது அறிவுரை: தினமும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடவும். நான் விடுகிறேன்.' அதோடு இன்னொரு கூத்து. குறைவாகச் செலவழிக்கும் வாசலுக்கு வெந்நீரின் சூட்டையும் குறைத்து அனுப்பினால் போதும் என்று சங்கம் முன்பே முடிவெடுத்திருந்தது. முதலிடம் வாங்கியதற்குக் கிடைத்த இன்னொரு பரிசு அது. குமிழை ஐந்தில் வைத்தாலும் ரேடியேட்டர் வெதுவெதுப்புக்கு மேலே ஏறவில்லை.

எலீஸா நார்வேயிலிருந்து நவம்பரில் வந்தாள், தனியாக, வயிற்றில் ஏழு மாதம். குழந்தையின் தகப்பன் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜனவரி எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று வீட்டில் பதினேழு டிகிரி. எல்லாக் குமிழும் ஐந்தில். எலக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டால் காற்று வறண்டு குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது, வேண்டாம் என்று பார்க்க வந்த நர்ஸ் சொல்லிவிட்டாள். குழந்தையின் கால் எப்போது தொட்டாலும் சில்லென்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் அது இருமியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் படியேறினேன். லிஃப்டில் போகக் கால் வரவில்லை.

ஸெனோன் கதவைத் திறந்து வழிவிட்டார். உள்ளே எங்கள் மூச்சு புகைந்தது. ஜன்னல் விளிம்பில் பனி குவிந்திருந்தது. தெக்லாவின் கட்டில் விரித்தபடியே இருந்தது, தலைமாட்டில் என் பச்சைக் கம்பளி மடித்து வைத்திருந்தது.

"உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன். நாற்காலியின் குளிர் எலும்பில் ஏறியது.

"பேத்தி பொறந்திருக்கா."

"தெரியும். அழுகை கேக்குது. சுவருல எல்லாமே ஏறுமே."

"பதினேழுக்கு மேல போகமாட்டேங்குது. இன்னைக்கு இருமுறா."

"அஞ்சுல வெச்சீங்களா?"

"அஞ்சுலதான் இருக்கு."

"ஹீட்டர் ஒண்ணு வெச்சிருந்தீங்களே," என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "அதுவும் சுவருல கேக்கும்."

நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்காகவும்தான் ஏறினேன் என்று நினைக்கிறேன். ஆனால் வாயில் வந்ததெல்லாம் குழந்தையின் எடை, அதன் கால் சில்லிடுவது, நர்ஸ் சொன்னது.

"எத்தன நாளைக்கு வேணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே எண் மூன்று. அதைச் சொல்லாமல் தெக்லாவின் கட்டிலைப் பார்த்தேன். அவர் அதற்காகக் காத்திருந்தாரோ என்னவோ. பிறகு எழுந்து ஜன்னல் விளிம்புப் பனியைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக மூடினார். குனிந்து நான்கு குமிழையும் ஐந்துக்குத் திருப்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது அவரால். கட்டிலிலிருந்து பச்சைக் கம்பளியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தொவச்சு வெச்சிருக்கேன். கொழந்தைக்கு ஆகும்."

நான் கீழே வந்து அழுதேன். எலீஸாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டில் இருபத்தொரு டிகிரி. எலீஸாவும் குழந்தையும் பச்சைக் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் கால் தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. சமையலறை முக்காலியில் ஏறி நின்று கூரையில் கையை வைத்தேன். கான்கிரீட் இளஞ்சூடாக இருந்தது. மேலே ஸெனோன் நடக்கும் சத்தம் கேட்டது.

தொலைபேசி அடித்தது. க்ராஜினா.

"சுவரு சுடுது, பானி மர்ஸேனா," என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். "என்ன சொன்னீங்க அவர்கிட்ட? நான் எல்லாத்தையும் அணைச்சுட்டேன். லுட்சியானும் அணைச்சாச்சாம்."

"குழந்தை தூங்குது," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முக்காலியிலிருந்து இறங்கினேன். கூடத்து ரேடியேட்டருக்குப் போய்க் குமிழைப் பனிப்பூ வரை திருப்பினேன். சமையலறையிலும் திருப்பினேன். படுக்கையறை வாசலில் கொஞ்சம் நின்றேன். எலீஸா கண் விழிக்காமல் இருக்க, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அதையும் திருப்பினேன்.